ஊர்ப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் வார்த்தைகள்

திருச்சிராப்பள்ளி. மாநகராட்சி வரி ரசீதில் அச்சடித்திருப்பது போல இதை இங்கிலீஷில் எழுதினால் மொத்தம் 15 எழுத்து. டி, ஐ, ஆர், யு, சி, ஹெச், ஐ, ஆர், ஏ, பி, பி, ஏ, எல், எல், ஐ. இந்த எழுத்துக்களை மட்டும் வைத்துக்கொண்டு, எது எத்தனை தடவை இருக்கிறதோ அதற்கு மேல் எடுக்காமல், எத்தனை இங்கிலீஷ் வார்த்தை உண்டாக்கலாம்? ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் பத்து வார்த்தையாவது எழுதிவிடலாம், முயற்சி செய்து பாருங்கள்.

எங்கள் வீட்டில் போன ஐப்பசி மாதத்திலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதுதான் வேலை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கூடத்து ஊஞ்சலில் மாமா (என் மாமனார்), கீழே பாயில் நானும் ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகளும், சுவரில் சாய்ந்துகொண்டு அத்தை. என் வீட்டுக்காரர் துவாக்குடியிலிருந்து வேலை முடிந்து வர எட்டரை ஆகிவிடும். தட்டில் சாதம் இருக்கும்போதே, "இன்னிக்கு என்ன ஊர்?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு இது வெறும் விளையாட்டு இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாமா ரெயில்வேயில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். கட்டை விரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் தந்திக் குமிழைப் பிடித்து, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான செய்தி தட்டியவர். பிறகு தந்தி போய் டெலிபோன் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. வேறு செக்ஷனுக்கு மாறி, அங்கிருந்தே ரிடையர் ஆனார். ஆனால் எழுத்தின் மேல் இருந்த பித்து மட்டும் போகவில்லை. காலையில் காபி டம்ளரோடு இங்கிலீஷ் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டியை முடித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அன்று முழுக்க முகம் சரியாக இருக்காது.

போன வருஷம் ஆடிப் பெருக்குக்கு மறுநாள் காலை அந்தக் காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. "என்ன மாமா?" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. அப்போது நான் பார்த்த மூன்று அடையாளங்களை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தால்கூட கை வைத்தியம், மோர், எலுமிச்சம்பழம், "கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்" எதுவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்து, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பா, அல்லது குழாய் வெடித்துக் கசிவா என்று ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பாக இருந்து, மற்ற விஷயங்களும் ஒத்து வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அதற்குக் கெடு நாலரை மணி நேரம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மாமா ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்தார். கால் பத்து நாளில் ஓரளவு நடக்க வந்துவிட்டது. வலது கை இன்னும் பாதிதான். வார்த்தை மட்டும் எங்கேயோ போய்விட்டது.

"அது... அது..." என்பார். தண்ணீர் வேண்டும் என்றால் "அந்த பேனா கொண்டா" என்பார். அது பேனா இல்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்துதான் கண்ணில் தண்ணீர் வரும். அத்தையின் பெயர் வரவில்லை. 52 வருஷம் கூப்பிட்ட பெயர்! அத்தை அன்றைக்குப் பூஜை அறையில் போய் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

இதற்கு அஃபேஸியா என்று பெயர். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடது பாதியில் இருக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதும் அதே இடது பாதிதான். அதனால்தான் வலது கையும் பேச்சும் அடிக்கடி சேர்ந்தே போகின்றன. இதை உலகத்துக்குக் காட்டியவர் பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர். 1861-ல் அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு வாயில் "டான்" என்ற ஒரே ஒரு சத்தம்தான் வரும். மற்றவர்கள் சொல்வது ஓரளவுக்குப் புரியும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது பக்க முன்பகுதி கெட்டுப்போயிருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் ப்ரோக்காவின் பெயர்தான்.

இது புத்தி மங்குவது அல்ல. இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர் மாமாவின் காதருகில் போய்க் கத்தினார்கள்; மீதிப்பேர் அவர் எதிரிலேயே "இவருக்கு நினைவு இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்கள். காது நன்றாகவே கேட்கிறது. நினைவும் இருக்கிறது. மனசுக்குள் பொருள் இருக்கிறது, அதன் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுதான் கழன்றுவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்மணி வாரம் இரண்டு நாள் வந்தார். எனக்கு அவர் கற்றுக்கொடுத்தவை சமையல் குறிப்பு போலச் சுலபமானவை; கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். "என்ன சாப்பிடறீங்க?" என்பதை விட "இட்லியா, தோசையா?" என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வார்த்தையைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், காத்திருங்கள், வரவே வரவில்லை என்றால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஐந்து விநாடி சும்மா இருப்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது!

அவர் ஒரு பரீட்சையும் வைப்பார். ஒரு எழுத்தைச் சொல்லி, அதில் ஆரம்பிக்கும் வார்த்தைகளை ஒரு நிமிஷத்தில் எத்தனை முடியுமோ அத்தனை சொல்லச் சொல்வார். முதல் தடவை "ப" என்றார். மாமா "பால்" என்றார். அப்புறம் "பால்" என்றார். அவ்வளவுதான், நிமிஷம் முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு ஆச்சரியம். அதே மாமா, ரெயில் சத்தம் கேட்டால் "பொன்மலை, திருவெறும்பூர், பூதலூர், ஆலக்குடி, தஞ்சாவூர்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். தடங்கலே கிடையாது. நாள், கிழமை, எண்கள், பழைய பாட்டு இவையெல்லாம் பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் தங்கு தடையில்லாமல் வருமாம். ஊர்ப் பெயரைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாமே என்று என் மகளுக்குத்தான் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பெரிய வார்த்தையைக் கொடுத்து அதிலிருந்து சின்ன வார்த்தைகள் கண்டுபிடி என்று பயிற்சி வருகிறதல்லவா, அதையே தாத்தாவுக்கு வைத்தால் என்ன? பயிற்சி கொடுக்கும் அம்மாவைக் கேட்டோம். "அவருக்குப் பிடித்த விஷயமாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், களைப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள், தமிழிலும் செய்யுங்கள்" என்றார்.

எழுத்துச் சீட்டுக்கு நாங்கள் பைசா செலவு செய்யவில்லை. பரணில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. கெட்டியான அட்டை. ஒரு அங்குலச் சதுரமாக வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுத்துக்களை எழுதினோம். எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்பதற்கு ஸ்க்ராபிள் விளையாட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டோம். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, என், ஆர், டி ஆகியவை 6 வீதம், எல், எஸ், யு, டீ (நாய்க்கு வரும் டீ) 4 வீதம், ஜி 3, பி இரண்டு வகையும், சி, எம், எஃப், ஹெச், வி, டபிள்யூ, ஒய் இவை 2 வீதம், கே, ஜே, எக்ஸ், க்யூ, இஸட் ஒவ்வொன்று. கூட 2 வெற்றுச் சீட்டு. ஆக 100.

இந்தக் கணக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் 1930-களில் தொழில் படுத்துப்போன சமயம், ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞருக்கு வேலை போய்விட்டது. சும்மா இருந்த மனிதர் செய்தித்தாளை விரித்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வருவதற்கு நிறைய சீட்டு, குறைந்த மார்க். அபூர்வமாக வருவதற்கு ஒரே சீட்டு, நிறைய மார்க். க்யூவுக்கும் இஸட்டுக்கும் 10 மார்க், ஈ-க்கு 1. பல வருஷம் யாரும் சீந்தவில்லை. 1948-ல் ஜேம்ஸ் ப்ரூனோ என்பவர் அதை வாங்கி ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்து விற்றார். பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும்.

ஆனால் எழுத்தை எண்ணுகிற காரியம் அதற்கும் நூறு வருஷம் முந்தியது. தந்தி மொழியை உண்டாக்கிய மோர்ஸின் கூட்டாளி வெயில் என்பவர் ஒரு அச்சாபீசுக்குப் போய், எந்தப் பெட்டியில் ஈய எழுத்து அதிகம் இருக்கிறது என்று பார்த்தாராம். எதிலே அதிகமோ அதற்குச் சின்னக் குறி. அதனால்தான் ஈ-க்கு ஒரே ஒரு புள்ளி, ஒரு தட்டு. க்யூவுக்கு நீளமாக நாலு தட்டு. 1844 மே 24-ந் தேதி வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் போன செய்தி முதல், நம் நாட்டில் 2013 ஜூலை 14-ந் தேதி ராத்திரியோடு பொதுமக்களுக்கான தந்தி நின்று போனது வரை, உலகத்தின் நல்லது கெட்டது எல்லாம் இந்தப் புள்ளியிலும் கோட்டிலும்தான் ஓடின. அன்று ராத்திரி மாமா சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று அத்தை இப்போதும் சொல்வார்.

இப்போது திருச்சிராப்பள்ளிக்கு வருவோம். அந்த 15 எழுத்தில் ஈ என்பதே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இங்கிலீஷில் எல்லாவற்றையும் விட அதிகம் வரும் எழுத்து நம் ஊரில் கிடையாது. எஸ்ஸும் இல்லை, ஆகவே வாலில் ஒரு எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கும் சுலப வழியும் அடைபட்டுப் போகிறது. ஆனாலும் நம் ஊர் கஞ்ச ஊர் இல்லை.

முதல் நாள் சீட்டைப் பரப்பினோம். மாமா வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையால் ஆர் சீட்டை நகர்த்தினார். பிறகு ஏ. பிறகு ஐ. எல். "ரெயில்!" என்று என் மகள் கத்தினாள். மாமா வாயால் சொல்லவில்லை, சீட்டில்தான் எழுதினார். ஆனால் சிரித்தார். கோணல் சிரிப்புதான், இருந்தாலும் சில மாதங்களுக்குப் பிறகு நாங்கள் பார்த்த சிரிப்பு.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. சேர், ஹேர் சுலபம். மலைக்கோட்டை ஊர் அல்லவா, ஹில் இருக்கிறது. மண்டபத்துத் தூணுக்குப் பில்லர் இருக்கிறது. சடங்குக்கு ரிச்சுவல், மாணவிக்கு ப்யூபில், சித்திரைக்கு ஏப்ரல், தலைநகருக்குக் கேபிடல் (நியாயம்தானே, சோழர்களின் உறையூர் இங்கேதானே இருக்கிறது), தலைப் பின்னலுக்கு ப்ளெயிட், பின்னலை வெட்டினால் ஹேர்கட். நம் அடுக்களைக்கு வேண்டியதும் உண்டு. காரத்துக்குச் சில்லி, ராத்திரிக்குச் சப்பாத்தி! இங்கிலீஷ் அகராதியில் ஒற்றை டி போட்டு ஏழு எழுத்துச் சப்பாத்தி இருக்கிறது, நிஜமாகவே. அத்தை இதைக் கேட்டு, "நம்ம ஊருக்குள்ள சப்பாத்தி இருக்கு, இட்லி இல்லையா?" என்று கேட்டார். இட்லிக்கு வேண்டிய டீ எழுத்து நம் ஊர்ப் பெயரில் இல்லை. அத்தைக்கு மனசே ஆறவில்லை.

இதுவரை கிடைத்ததில் பெரியது பத்து எழுத்து. அதை நான் கண்டுபிடித்தேன் என்பதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். நான் படித்தது தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ. அதற்கு மேல் டைப்ரைட்டிங் லோயர். அந்த இன்ஸ்டிட்யூட்டில் படிவம் படிவமாக அடித்த வார்த்தை ஒன்று மனசில் கிடந்திருக்கிறது போலும். பார்ட்டிகுலர்! பி, ஏ, ஆர், டி, ஐ, சி, யு, எல், ஏ, ஆர். பத்தும் சரியாக உட்கார்ந்தன. இதை விடப் பெரியது வாசகிகள் யாருக்காவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.

கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. சீட்டுக்களை வரிசையாக வைக்காதீர்கள். வரிசையாக இருந்தால் கண் ஊர்ப் பெயரையே படித்துக்கொண்டிருக்கும். வட்டமாக வையுங்கள். உயிரெழுத்துக்களைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு இங்கிலீஷில் ஜோடி சேர்ந்து வாழும் எழுத்துக்களைச் சேர்த்துப் பாருங்கள்: சி ஹெச், டி ஆர், பி எல், பி ஆர். அப்புறம் வால்கள். ஏ எல் என்ற வாலை ஓரமாக வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். டிரயல், பார்ஷியல், ரிச்சுவல், கேபிடல் எல்லாம் அந்த ஒரே வாலில் தொங்குகின்றன. ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டே போவது இன்னொரு வழி: ஹால், கால், டால் என்று. மாமாவுக்கு இந்த மாற்று வழிதான் ரொம்ப உதவியது. ஒன்று வாயில் வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி அடுத்தது வரும்.

சில சமயம் வார்த்தை வாயில் வராது. ஊஞ்சல் பலகையில் இடது கை விரலால் தட்டுவார். என் மகள் மோர்ஸ் அட்டவணையை எழுதி வைத்துக்கொண்டு "சி... சி ஹெச்..." என்று சொல்வாள். அதைக் கேட்டு மாமா முழுசாகச் சொன்ன நாட்கள் உண்டு. எப்போதும் இல்லை. தட்டுவதே தப்பாகிப் போய், பலகையை ஓங்கி அடித்துவிட்டு எழுந்து போன நாட்களும் உண்டு. அன்றைக்குச் சீட்டை மூடிவிடுவோம்.

ஒரு நாள் என் மகள் பி, ஏ, ஆர், ஐ, ஏ, ஹெச் என்று வைத்தாள். பரையா. ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்று அர்த்தம் போட்டு, தமிழிலிருந்து வந்த வார்த்தை என்று அகராதி சொல்கிறது. பறை என்ற வாத்தியத்திலிருந்து ஒரு ஜனக்கூட்டத்தின் பெயராகி, அங்கிருந்து கப்பலேறி உலகம் முழுவதும் வசைச் சொல்லாகிப் போயிருக்கிறது. "நாம கொடுத்த வார்த்தைல இதுவும் ஒண்ணாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மார்க் கிடையாது என்று அவளே முடிவு செய்து பட்டியலில் அடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகள் மேல் அவளுக்கு ஆர்வம். கட்டுமரம் கேட்டமரான் ஆனதும், மிளகுத் தண்ணீர் மல்லிகடானி ஆனதும் பலருக்குத் தெரியும். நம் அணைக்கட்டு அங்கே அனிகட். கல்லணையை வெள்ளைக்காரர்கள் கிராண்ட் அனிகட் என்றுதான் எழுதினார்கள். சுருட்டு செரூட் ஆகியிருக்கிறது. திருச்சிச் சுருட்டுக்கு இன்னும் பெரிய மரியாதை. 1887-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, கொலை நடந்த வீட்டில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது ட்ரிச்சினாபலி சுருட்டு என்று துப்பறிகிறார். இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹோம்ஸ்" என்றார். தெளிவாக. படித்த புத்தகம் அல்லவா!

ஸ்ரீரங்கத்துக்கு 9 எழுத்து. இங்கேயும் ஈ கிடையாது. எஸ் ஒன்று இருப்பதால் கொஞ்சம் வசதி. சாரி (நாம் கட்டுகிறதுதான்), கிரெயின், ரெயின், ராகா, சிங், மார்ஜின். எட்டு எழுத்தில் அரெய்ன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. குற்றம் சாட்டிக் கோர்ட்டில் நிறுத்துவது என்று அர்த்தம். எம் ஒன்றுதான் மிச்சம். இப்படி எழுத்தை மாற்றிப் போட்டு விளையாடுவதற்கு அனகிராம் என்று பெயராயிற்றே, அதுவே ஸ்ரீரங்கத்துக்குள் கிடைக்குமா என்று பார்த்தால், ஒரே ஒரு ஏ குறைகிறது! ட்ரிச்சி என்று சுருக்கினால் ஆறே எழுத்து. அதற்குள் ரிச்சும் இருக்கிறது, இட்சியும் இருக்கிறது. பணமும் உண்டு, அரிப்பும் உண்டு.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. நாலு பேர் விளையாடும்போது ஒருவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பதாவது? அவருக்காகத் தமிழ்ச் சீட்டு செய்தோம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கிலீஷில் 26 எழுத்தைக் கலைத்துப் போடலாம், தமிழில் 247. கூட, ஒவ்வோர் உயிர்மெய்யும் தானே ஒரு சத்தம். இஷ்டத்துக்குக் கலைத்தால் வார்த்தை கிடைப்பது அருமை. ட, ண, ள, ற போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்ற கட்டும் உண்டு. நம் முன்னோர்கள் இதை விடவா பெரிய விளையாட்டு விளையாடவில்லை! முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும்படி ஒரு பதிகம் முழுக்க, மாலைமாற்று என்று, சம்பந்தர் பாடியிருக்கிறார்.

அத்தை திருவரங்கத்தை எடுத்துக்கொண்டார். வரம், கரம், ரகம், வங்கம், கருதி என்று ஐந்து நிமிஷத்தில் அடுக்கிவிட்டார். வகரம் என்று ஒன்று சொன்னார். வ என்ற எழுத்தின் பெயராம்! ஐந்தாவதோடு நின்றவர் அவர். திருச்சிராப்பள்ளியில் ருசியும் பள்ளியும் இருப்பதையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். மாமாவுக்குத் தமிழ்ச் சீட்டு முதலில் பிடிபடவில்லை. இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு இரண்டும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும் என்று இல்லையாம். ஆனால் அத்தை "வ... வ..." என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தால், எனக்கு அடுக்களையில் வேலை இருந்தாலும் எழுந்து போக மனசு வராது.

நவம்பர் முடிவதற்குள் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். மாமாவுக்கு அந்தக் கவலை ஐப்பசியிலேயே வந்துவிட்டது. வலது கையால் கையெழுத்துப் போட முடியாது. கைநாட்டு வைக்க மனசு ஒப்பவில்லை. அவர் கையெழுத்து இங்கிலீஷில் அவ்வளவு அழகாக இருக்கும்! ஸ்ரீரங்கம் சீட்டைப் பரப்பியிருந்தோம். எஸ், ஐ, ஜி, என் என்று நாலை எடுத்து வைத்து என்னையே பார்த்தார். சைன். பேச்சில் சொல்ல முடியாததைச் சீட்டில் சொல்கிறார் என்று புரிந்தது. "தாத்தா, 2014-லயே கம்ப்யூட்டர்ல விரல் ரேகை வந்தாச்சு. இப்ப அப்படிக் கொடுக்கிற பெரிய ஆபீசரும் விரலைத்தான் வைக்கணும்" என்று என் மகள் சொன்னாள். பாதி சமாதானம். விரலை வைத்தார். ஆனால் அன்று முதல் தினம் ஒரு பக்கம் இடது கையால் கையெழுத்துப் பழகுகிறார். நோட்டு இரண்டு தீர்ந்துவிட்டது.

இந்த விளையாட்டினால்தான் பேச்சு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து, உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான். காலத்துக்கும் பங்கு உண்டு. முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் திரும்பும், பிறகும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும் என்றார்கள். குறுக்கெழுத்துப் போட்டால் பக்கவாதம் வராது, மறதி வராது என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமா நாற்பது வருஷம் போட்டவர்தானே! ரத்த அழுத்தத்தை மாதா மாதம் பார்த்துக்கொள்வதும், மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவதும், ஊறுகாய் அப்பளத்தைக் குறைப்பதும்தான் உறுதியாகத் தெரிந்த காவல். எங்கள் வீட்டில் அப்பளம் இப்போது வெள்ளிக்கிழமைக்கு மட்டும்.

கணக்கு கேட்டால் சொல்கிறேன். "ப"-வுக்கு இரண்டு தடவை பால் சொன்னவர், பொங்கலுக்கு ஏழு சொன்னார்: பால், பழம், பாய், பல், பலகை, பஸ், பக்கம். பேப்பரில் குறுக்கெழுத்தில் மூன்று நான்கு கட்டம் நிரப்புகிறார். என்னை இன்னும் சில நாள் நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அத்தையின் பெயர் தை மாதம் வந்தது. காலையில், காபி கொடுக்கும்போது, சும்மா வந்தது. அத்தை "என்ன?" என்று கேட்டுவிட்டு, காது கேட்காதவர் போல இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

இந்த வாரம் பொன்மலை நடக்கிறது. இங்கிலீஷில் 8 எழுத்து: பி, ஓ, என், எம், ஏ, எல், ஏ, ஐ. மெயில் கிடைத்தது, லோன் கிடைத்தது, ப்ளான், பெயின், பாம் (பனைக்கு) கிடைத்தன. லயன் மாமாவே எடுத்தார். அந்தச் சிங்கத்தையும் சேர்த்துக் காட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொதுவான ஆறெழுத்துப் பெயர் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. எனக்கும் என் மகளுக்கும் தெரிந்துவிட்டது. மாமா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். யாராவது எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் முதல் எழுத்துக்கு மேல் சொல்லிவிடாதீர்கள்.